ஓடு ஒட்டாத முட்டை

'முட்டையிடுகிற கோழிக்குத்தான் வருத்தம் தெரியும்' என்பது பழமொழி. அதனோடு மற்றொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். வேகவைத்த முட்டையை உரிப்பவருக்கும் ஒரு வருத்தம் உண்டு. ஓடு துண்டு துண்டாக உடைந்து, ஒவ்வொரு துண்டும் வெண்கருவில் ஒரு பகுதியைப் பிய்த்துக்கொண்டு போக, அழகிய முட்டை அம்மை வடு விழுந்த முகம்போல் ஆகிவிடுகிறது. இஃது எல்லா வீடுகளிலும் நிகழ்வதே. இதற்காக ஒரு வானொலிப் பேச்சா என்று சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் இந்தச் சிறு காரியத்தின் பின்னே நல்லதொரு விஞ்ஞானப் பாடம் இருக்கிறது. ஒரு பிள்ளையின் தட்டில் முழு முட்டை விழுமா, முக்கால் முட்டை விழுமா என்னும் நியாயமும் அதற்குள் அடங்கியிருக்கிறது. ஆகவே, இதனைச் சற்றே விரிவாகக் கூற விரும்புகிறேன்.

நம் உக்கடத்தில் மாலை நேரத்தில் தள்ளுவண்டிக்காரர் முட்டை உரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலகையில் ஒரு தட்டு. உள்ளங்கையில் ஓர் உருட்டு. ஓடு முழுவதும் சட்டை கழற்றுவதுபோல் கழன்றுவிடும். இரண்டாக வகிர்ந்து, மிளகும் உப்பும் தூவி நீட்டிவிடுவார். அதே நாள், நகரத்துக்கு வெளியே ஒரு தோட்டத்துச் சாளையில், காலையில் கோழி இட்ட முட்டையை மதியமே வேகவைத்துப் பேரனுக்கு உரித்துக் கொடுக்க முயலும் பாட்டியாரோ, 'இதென்ன முட்டையோ, கருமம்!' என்று சலித்துக்கொள்கிறார். முட்டை மட்டமா? பாட்டியாரின் கை மட்டமா? இரண்டும் இல்லை. பாட்டியாரின் முட்டை மிகமிகப் புதியது. அதுவே அதன் குற்றம்! இந்தப் புதிரை விடுவிப்பதற்கு முன், இது யாரை அதிகமாகப் பாதிக்கிறது என்பதைப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளிக்கும் திட்டம் காமராசர் ஆட்சியில் 1956-ஆம் ஆண்டில் தொடங்கியது. 1982-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். கலைஞர் ஆட்சியில் 1989-ஆம் ஆண்டில், இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று அந்தத் தட்டில் முட்டை இடம்பெற்றது. பின்னர் 1998-இல் வாரம் ஒன்றாகவும், 2006-இல் இரண்டாகவும், 2007-இல் மூன்றாகவும் வளர்ந்து, 2010-ஆம் ஆண்டு முதல் பள்ளி நடக்கும் வாரத்தின் ஐந்து நாளும் முட்டை என்றாயிற்று. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தருகிறார்கள். இத்தனை முட்டைக்கும் பெருந்துணையாக நிற்பது நம் கொங்குச் சீமையின் நாமக்கல். கோயம்புத்தூரிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவு. பண்ணையிலிருந்து லாரியில் புறப்படும் முட்டை சில மணி நேரத்தில் இங்கே இறங்கிவிடக்கூடும். அதாவது, புதிய முட்டை நமக்கு எளிதில் கிடைக்கும். ஓடு ஒட்டும் தொல்லையும் அதனோடு கூடவே வந்து சேரும்.

இப்போது ஒரு கணக்கு. தலைமையாசிரியனாக இருந்தவனைப் பேச அழைத்தால் கணக்கு வராமற் போகாது, பொறுத்தருள்க. ஒரு பள்ளியில் 120 பிள்ளைகள் உண்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகக் கழலும் முட்டையை உரிக்கக் கால் நிமிஷம் போதும். 120 முட்டைக்கு 30 நிமிஷம். ஒட்டிக்கொள்ளும் முட்டைக்கு ஒரு நிமிஷம் என்றால், 120 நிமிஷம். இரண்டு மணி நேரம். சோறு வடித்து, குழம்பு கூட்டி, பாத்திரம் கழுவி, மதிய மணி அடிப்பதற்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டிய சமையலருக்கும் உதவியாளருக்கும் அந்த ஒன்றரை மணி நேரம் எவ்வளவு பெரியது! முட்டையை மசாலாவில் பிரட்டித் தர வேண்டிய நாளில் உரிக்கும் வேலை முழுவதும் அவர்கள் கையில்தான் விழுகிறது.

கணக்கின் மறுபாதியையும் பாருங்கள். சுமார் 50 கிராம் எடையுள்ள முட்டையில் 6 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. அதில் பாதிக்கு மேல் வெண்கருவில் இருக்கிறது. நான்கில் ஒரு முட்டை, தன் வெண்கருவில் கால் பங்கை ஓட்டோடு இழக்கிறது என்று கொள்வோம். 120-இல் 30 முட்டை. 30 கால் பங்கு என்றால் ஏழரை முட்டையின் வெண்கரு. ஆண்டுக்கு 200 நாள் என்றால், 1,500 முட்டையின் வெண்கரு ஒரே பள்ளியின் குப்பைக் குழிக்குப் போய்ச் சேருகிறது. அரசு பணம் கொடுத்து வாங்கியது, கோழி வருந்தி இட்டது, லாரி சுமந்து வந்தது, அடுப்பு வேகவைத்தது. பிள்ளையின் வாய்க்கு மட்டும் எட்டவில்லை.

நான் பணியாற்றிய காலத்தில், வரிசையில் நிற்கும் சிறு பிள்ளைகள் முட்டைத் தட்டையே உற்றுப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். பெரிய பிள்ளைகள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக் கேட்கத் தெரியாது. ஒருநாள் ஒரு சிறுமி மட்டும், 'ஆயா, எனக்குப் பிய்யாத முட்டை குடுங்க' என்றாள். அந்த அம்மையார் தேடிப் பார்த்தார். அடியில் எஞ்சியவை எல்லாம் பிய்ந்தவையே. 'நாளைக்கு உனக்குத்தான் கண்ணு மொதல் முட்டை' என்று சொல்லி அனுப்பினார். சொன்னபடி மறுநாள் கொடுக்கவும் செய்தார். அவர் மனத்தில் குறையில்லை, கையிலும் குறையில்லை. குறை இருந்தது முறையில். முறையை மாற்றுவதற்குப் பணம் வேண்டியதில்லை. காரணம் தெரிந்தால் போதும்.

காரணத்தை அறிய முட்டையின் அமைப்பை அறிதல் வேண்டும். ஓடு பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தால் ஆனது. பார்வைக்குக் கல்போல் இருந்தாலும், அதில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. உள்ளே வளரும் குஞ்சு மூச்சு விடுவதற்கு இயற்கை வைத்த சாளரங்கள் அவை. ஓட்டுக்கு உள்ளே இரண்டு மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன. வெளிச் சவ்வு ஓட்டோடு ஒட்டியது. உட்சவ்வு வெண்கருவைத் தழுவியிருப்பது. கோழியின் உடற்சூடு ஏறத்தாழ 41 பாகை சென்டிகிரேடு. அந்தச் சூட்டோடு வெளிவந்த முட்டை குளிரும்போது உள்ளிருப்பது சுருங்குகிறது. அப்போது பருத்த முனையில் இரண்டு சவ்வுகளும் பிரிந்து, இடையில் ஒரு காற்றறை உண்டாகிறது. இந்தக் காற்றறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உரிக்கும்போது அதுவே நமக்கு வாயில்.

சவ்வைப் பற்றி ஒரு சொல். 2017-ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் 'பிளாஸ்டிக் முட்டை' என்றொரு வதந்தி கிளம்பி, நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. ஓட்டின் உட்புறம் காகிதம்போல் உரிந்து வருகிறதே, அது பிளாஸ்டிக்தானே என்று பலர் அஞ்சினார்கள். அது இயற்கையான சவ்வேயாகும். முட்டை வைத்திருந்து உலரும்போது அது இன்னும் தாள்போல் ஆகும். அமைப்பை அறியாதவருக்கு நல்ல முட்டையும் போலி முட்டையாகிவிடுகிறது. அறிந்தவரோ அச்சமின்றி உண்கிறார்.

இனிப் புதிருக்கு வருவோம். புதிதாக இட்ட முட்டையின் வெண்கருவில் கரியமிலவாயு கரைந்திருக்கிறது. புதிய முட்டையை உடைத்தால் வெண்கரு சற்றே பால்போல் மங்கித் தெரிவதும் அதனால்தான். நாளாக ஆக, அந்த வாயு ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேறுகிறது. வாயு வெளியேற வெளியேற, வெண்கருவின் காரத்தன்மை கூடுகிறது. புளிப்பையும் காரத்தையும் அளக்கும் பி.எச். என்னும் அளவையில் 7 என்பது நடுநிலை. இட்ட அன்று வெண்கரு ஏறத்தாழ 7.6-இல் நிற்கும், சில நாளில் 9-ஐத் தாண்டிவிடும். சுமார் 8.7-க்குக் கீழே இருக்கும்வரை, வேகும் வெண்கரு தன்னோடு தான் சேர்வதைக் காட்டிலும் உட்சவ்வோடு இறுகப் பற்றிக்கொள்கிறது. அந்த அளவைத் தாண்டிய பின்னர் பற்று தளர்கிறது, வெண்கரு தனித்து உருண்டு நிற்கிறது, ஓடு கழலுகிறது. கோழியியல் அறிஞர்கள் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே இதனை ஆராய்ந்திருக்கிறார்கள்.

தள்ளுவண்டிக்காரரின் கையில் மந்திரம் இல்லை என்பது இப்போது விளங்கும். அவருடைய அட்டையில் இருந்த முட்டைக்கு மூன்று நான்கு நாள் வயது ஆகியிருக்கும். நம் ஊர் வெப்பத்தில் வாயு விரைந்து வெளியேறுவதால், அந்தச் சில நாளே போதுமானது. குளிர்ப்பெட்டியில் வைத்தால் மெல்ல வெளியேறும். ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம்.

அப்படியானால் முட்டையை வேண்டுமென்றே பழசாக்கலாமா? கூடாது என்பதே என் விடை. பள்ளிக்கு வரும் முட்டை புதியதாக வருவது நல்லது. உரிப்பதற்கு எளிது என்று சொல்லிப் பழைய முட்டையை வரவேற்றால், மிகப் பழையதும் அதன் பின்னே வந்துவிடும். அளவை அறிந்துகொள்வதற்கு நம் பெண்மணிகள் கைக்கொண்டிருக்கும் தண்ணீர்ச் சோதனையே போதும். ஒரு போசியில் தண்ணீர் நிரப்பி முட்டையை இடுங்கள். அடியில் படுத்துக் கிடந்தால் மிகப் புதியது. பருத்த முனை சற்றே மேலெழும்பிச் சாய்ந்தால் சில நாள் ஆனது. வேகவைத்து உரிப்பதற்கு இதுவே தக்கது. நெட்டாக நின்றால் பழையது. உடனே பயன்படுத்திவிட வேண்டும், அதுவும் தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பார்த்த பிறகே. மிதந்தால் விலக்கிவிடுங்கள். நீர் ஆவியாகி வெளியேற வெளியேறக் காற்றறை பெரிதாகிறது; அதனால் முட்டை மிதக்கிறது. வீட்டிலே செய்யத்தக்கது இன்னும் ஒன்று உண்டு. படுத்துக் கிடக்கும் முட்டையை ஆம்லெட்டுக்கும் பொரியலுக்கும் எடுத்துக்கொண்டு, சாய்ந்து நிற்கும் முட்டையை வேகவைக்கலாம். பள்ளியிலோ அந்த வசதி இல்லை. எல்லா முட்டையையும் வேகவைத்தே ஆகவேண்டும். அங்கே நமக்குக் கைகொடுப்பது இரண்டாவது உபாயம். அதுதான் சூடு.

நம் வீடுகளில் பெரும்பாலும் என்ன செய்கிறோம்? பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, முட்டையை இட்டு, பிறகு அடுப்பை மூட்டுகிறோம். தண்ணீர் மெல்லச் சூடேறுகிறது. முட்டையும் அதனோடு மெல்லச் சூடேறுகிறது. வெண்கரு 60 பாகையைக் கடந்த பின் இறுகத் தொடங்கும். அதன் முக்கியமான புரதம் முழுவதும் உறைய 80 பாகை அளவு வேண்டும். மெல்லச் சூடேறும் இந்த இடைவேளையில் வெண்கரு உட்சவ்வோடு நிதானமாகப் பிணைந்துகொள்கிறது. கொதிக்கும் நீரில் முட்டையை இட்டாலோ, வெளிப்புறத்து வெண்கரு சட்டென்று உறைந்து, தன்னோடு தானே இறுகிச் சுருங்கிக்கொள்கிறது. சவ்வோடு உறவாட அதற்கு நேரமில்லை. ஆகவே, புதிய முட்டையாயினும் பெரும்பாலும் ஓடு கழன்றுவிடும். இன்று நான் சொல்ல வந்தவற்றுள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால், இதனை வையுங்கள்: முட்டையைத் தண்ணீரோடு சூடாக்காதீர்கள், கொதிக்கும் தண்ணீரில் முட்டையை இடுங்கள்.

செய்முறையைக் கூறுகிறேன். குளிர்ப்பெட்டியில் இருந்த முட்டையானால் அரை மணி முன்னதாக வெளியே எடுத்து வையுங்கள். இல்லையேல் திடீர்ச் சூட்டில் ஓடு விரியும். வேகவைக்கப் போகும்போதுதான் முட்டையைக் கழுவ வேண்டும். முன்னதாகக் கழுவி வைத்தால் ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு நீங்கி, கிருமிகள் உள்ளே நுழைய வழியாகும். பச்சை முட்டையைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும் அவசியம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். ஜல்லிக்கரண்டியில் முட்டையை வைத்து மெல்ல இறக்குங்கள். பிறகு தீயைத் தணித்து, முட்டைகள் ஒன்றோடொன்று மோதாதபடி மெல்லிய கொதியில் வையுங்கள். பண்ணை முட்டைக்கு 11 அல்லது 12 நிமிஷம். சிறிய நாட்டுக்கோழி முட்டைக்கு 9 அல்லது 10 நிமிஷம். மஞ்சள்கரு நன்றாக இறுகிவிடும்.

பள்ளிச் சமையற்கூடத்துக்கு மற்றொரு கணக்கு இருக்கிறது. நம் கோயம்புத்தூர் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 411 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே தண்ணீர் 98 பாகைக்குச் சற்று மேலேயே கொதித்துவிடுகிறது. ஓர் அட்டை முட்டை என்பது 30. அதன் எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. கொதிக்கும் 2 லிட்டர் தண்ணீரில் அந்த 30 முட்டையையும் கொட்டினால், அடுப்பின் சூட்டைச் சேர்க்காமற் கணக்கிட, இரண்டும் கலந்து 72 பாகை அளவுக்கு இறங்கிவிடும். 5 லிட்டர் தண்ணீரானால் 84 பாகை அளவில் நிற்கும். முதலாவது ஏறத்தாழப் பச்சைத் தண்ணீரில் இட்டதற்குச் சமானம். வெந்நீரில் இட்டும் பயனில்லை. ஆகவே, தண்ணீர் தாராளமாக இருக்க வேண்டும். முட்டைகளை ஓர் அட்டை அளவாகப் பகுதி பகுதியாக இட வேண்டும். துளையுள்ள ஒரு கூடைப் பாத்திரம் இருந்தால் முப்பதையும் ஒருசேர இறக்கி, ஒருசேர எடுக்கலாம். அதே கொதிநீரில் அடுத்த அட்டையை இறக்கலாம். தண்ணீரும் எரிவாயுவும் மிச்சம்.

இதனினும் எளிய வழி ஒன்று நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அதுதான் இட்லிப் பானை. அடியில் சிறிது தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, ஆவி பெருகியபின் தட்டின் குழிகளில் முட்டைகளை வைத்து மூடிவிடுங்கள். 12 அல்லது 13 நிமிஷம் போதும். கொதிநீரின் சூடுதான் ஆவிக்கும். ஆனால் முட்டைகள் நீரில் உருண்டு மோதிக்கொள்வதில்லை. விரிசல் குறைவு, கொதிக்கவைக்க வேண்டிய தண்ணீர் குறைவாதலால் எரிபொருளும் குறைவு. முட்டை வைத்ததும் ஆவி தணியாமல் இருக்கத் தீ நன்றாக எரிய வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. மேலைநாடுகளில் இதற்கெனத் தனிக் கருவிகள் விற்கிறார்கள். நம் பாட்டிமார் கையாண்ட பானை அவற்றுக்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று.

மலைமேல் வாழும் நேயர்களுக்கு ஒரு குறிப்பு. உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே தண்ணீர் 93 பாகைக்கு அருகிலேயே கொதித்துவிடும். ஆதலால் இங்கே சொன்ன நேரத்துக்கு மேல் இரண்டு மூன்று நிமிஷம் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொதிக்கிறதே என்று பார்த்தால் போதாது; எவ்வளவு சூட்டில் கொதிக்கிறது என்பதையும் நினைக்க வேண்டும்.

வெந்தது, இனிக் குளிர்விப்பது. கொதிநீரை வடித்தவுடன் முட்டைகளைக் குளிர்ந்த நீரில் இட வேண்டும். பனிக்கட்டி தேவையில்லை, மண்பானைத் தண்ணீரே போதும். ஒருமுறை மாற்றி ஊற்றினால் இன்னும் நன்று. பத்து நிமிஷம் கிடக்கட்டும். இதனால் உள்ளிருப்பது சுருங்கி ஓட்டிலிருந்து விலகும். உள்ளே தங்கிய சூடு முட்டையை மேலும் வேகவைப்பதும் நின்றுவிடும். மஞ்சள்கருவைச் சுற்றி ஒரு பச்சை வளையம் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதனைக் கண்டு முட்டை கெட்டுவிட்டதென்று பெற்றோர் சிலர் பள்ளிக்கே வந்து கேட்பதுண்டு. அது கெட்டதன் அடையாளம் அன்று. நெடுநேரம் வேகும்போது வெண்கருவிலிருந்து கந்தகம் கலந்த ஒரு வாயு உண்டாகி, மஞ்சள்கருவில் உள்ள இரும்புச் சத்தோடு சேர்ந்து பச்சை நிறம் தருகிறது. உண்பதற்குத் தீங்கில்லை. ஆயினும் மணமும் சுவையும் குன்றும். அளவாக வேகவைத்து உடனே குளிர்வித்தால் அந்த வளையம் பெரும்பாலும் தோன்றாது.

உரிக்கும் முறைக்கு வருவோம். முட்டையின் கூர்முனையைத் தட்டாதீர்கள். பருத்த முனையில் காற்றறை இருக்கிறது என்றேன் அல்லவா? அங்கே தட்டினால் ஓடு உள்நோக்கி அமுங்கும், வெண்கருவுக்குக் காயமில்லை. பிறகு பலகையில் மெல்ல உருட்டி, ஓடு முழுவதும் நுண்ணிய விரிசல் விழச் செய்யுங்கள். காற்றறைப் பக்கம் சவ்வைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டால், ஓடு சவ்வோடு சேர்ந்து சுருளாக வந்துவிடும். ஓட்டைப் பிடித்து இழுப்பவர் தோற்பார். சவ்வைப் பிடித்து இழுப்பவர் வெல்வார். எங்கேனும் ஒட்டினால், தண்ணீருக்குள் வைத்து உரியுங்கள். சவ்வுக்கும் வெண்கருவுக்கும் இடையே நீர் புகுந்து வழி செய்யும். நுண்ணிய ஓட்டுத் துகள்களும் நீங்கும். பிள்ளைகளின் பல்லில் ஓட்டுத் துகள் கடிபடாமல் இருப்பதும் முக்கியமன்றோ?

உப்புப் போட வேண்டாமா, சோடா உப்புப் போட வேண்டாமா என்று கேட்பீர்கள். கறியுப்பு ஓடு கழல்வதற்கு அதிகம் உதவுவதில்லை. ஓடு விரிந்து வெண்கரு கசிந்தால், அதனை அங்கேயே உறையச் செய்ய உப்பும் சிறிது காடியும் உதவும், அவ்வளவே. சமையல் சோடா காரப் பொருளாகையால் சற்றுப் பயன் தரக்கூடும். அளவு மிஞ்சினால் கந்தக வாடை கூடிவிடும். கொதிநீரும் குளிர்நீரும் சரியாக இருந்தால் இவை எவையும் வேண்டியதில்லை. வெந்த முட்டையை நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் வைக்கலாகாது. உடனே உண்ண வேண்டும். இல்லையேல் ஓட்டோடு குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். வெந்த முட்டை பச்சை முட்டையைவிட விரைவில் கெடும்.

சமையற்கூடத்து அறிவைச் சிறிதென்று கருதும் மனப்பான்மை நம்மிடம் இன்னும் போகவில்லை. நம் கோயம்புத்தூரில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. வீட்டு வேலையையும் விஞ்ஞானமாகப் பயில வேண்டும் என்பதை இந்நகரம் எப்போதோ ஏற்றுக்கொண்டது. அந்த ஏற்பு பள்ளியின் சமையற்கட்டு வரைக்கும் வரவேண்டும் என்பதே என் விருப்பம்.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பி.எச். அளவையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறோம். நுண்துளை, வாயு, கொதிநிலை, கலப்பினால் வரும் சூடு ஆகியவற்றை வெவ்வேறு பாடங்களாக நடத்துகிறோம். இவை அனைத்தும் ஒரே முட்டையில் இருக்கின்றன. ஒரே நாள் வாங்கிய நான்கு முட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டைப் பச்சைத் தண்ணீரில் இட்டு வேகவையுங்கள். இரண்டைக் கொதிநீரில் இடுங்கள். எது எது என்று சொல்லாமல் பிள்ளைகளிடம் உரிக்கக் கொடுங்கள். அடுத்த வாரம், ஒரு நாள் முட்டையையும் ஒரு வார முட்டையையும் ஒப்பிடச் சொல்லுங்கள். கண்டதை எழுதச் சொல்லுங்கள். இரண்டு முட்டையைக் கொண்டு முடிவு கட்டலாகாது, பலமுறை செய்து பார்க்க வேண்டும் என்பதையும் அப்போதே கற்பிக்கலாம். அந்தப் பாடம் மறக்காது. பாடம் முடிந்தபின் உண்ணவும் செய்யலாம்!

பள்ளியை மேற்பார்க்கும் பெரியோருக்கும் ஒரு சொல். முட்டை பிய்ந்திருக்கிறதே என்று சமையல் அம்மையாரைக் கடிந்துகொள்வதற்கு முன், அவருக்கு ஒரு பெரிய அண்டாவும், ஒரு துளைக் கூடையும், குளிர்விக்கப் போதுமான தண்ணீரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முட்டை என்று வந்தது என்பதை அட்டையின்மேல் எழுதி வைத்து, முந்தி வந்ததை முந்தி வேகவைக்கும் ஒழுங்கைச் செய்து கொடுங்கள். காரணம் தெரியாதபோது, பிய்ந்த முட்டைக்கு எளியவர் மேல் பழி விழுகிறது. காரணம் தெரிந்தபோது, பழி சொல்லும் வாய் வழி சொல்லும் வாயாகிறது.

வீட்டில் உள்ள தாய்மார்களே, இன்று மாலையே ஒரு முட்டையைக் கொதிநீரில் இட்டுப் பாருங்கள். ஓடு கழன்று, முழுமையாய், வெண்மையாய் அது உங்கள் பிள்ளையின் தட்டில் விழட்டும். வீட்டில் உண்ணும் பிள்ளைக்குக் கிடைக்கும் அந்த முழு முட்டை, பள்ளியில் வரிசையின் கடைசியில் நிற்கும் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். அதற்கு வேண்டியது கொதிக்கும் தண்ணீரும், குளிர்ந்த தண்ணீரும், சிறிது கவனமுமே.